புளி போட்டுத் துலக்கிய ராஜாக்கள்

காயலான் கடை வைத்திருப்பவனுக்கு முதல் பாடம், பாத்திரம் கொண்டு வருகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தராசு முள்ளைத்தான் பார்க்க வேண்டும் என்பது. முகத்தைப் பார்த்தால் எடை கூடிவிடும். சீராக வந்த அண்டாவை எடைக்குப் போட வருகிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர் தேரடிப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்த நான் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றேன். கடையோடு விடாமல் வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

அறுபதுகளின் நடுவிலிருந்து ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் எனக்கு ரோமாபுரிக் காசு பொறுக்குகிற நோய் இருந்தது. தங்கம், வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். சுண்டுவிரல் நகத்தளவு செம்புக் காசு, வெண்கலக் காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஈட்டி பிடித்த சிப்பாய்கள். என்றோ கப்பலில் வந்து, நம் ஆற்று மணலில் புதைந்து, பச்சை பிடித்துக் கிடப்பவை. இதே நோய் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், நமக்குள் ஒளிவு மறைவு வேண்டாம். என் மனைவி சரோஜாவின் கண் பார்வை போன கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். காசைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மூக்கு உடைந்தவர்

கொசஸ்தலை ஆற்றங்கரையில் கிணறு வெட்டப் போகிற முனுசாமி ஒருநாள் துண்டு முனையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால் ஒரு கையளவு பச்சைச் சில்லுகள். "இன்னான்னு தெரியல நைனா, செம்பு மாரி கீது. நிறுத்துப் போட்டுக்கோ" என்றார். செம்பு விலைக்கே போட்டுக்கொண்டேன். கடை கட்டும் நேரத்தில் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைத்தபோதுதான் எல்லாம் வட்டம் வட்டமாக இருப்பது தெரிந்தது. காசு என்பது புரிந்தது. ஆனால் எப்படித் திருப்பினாலும் எனக்கு மேடும் பள்ளமும்தான் தெரிந்தன.

வீடு மணவாள நகரில். கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. சரோஜாவுக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. அவள் முறத்தோடு உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் அரிசியையும் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். கல், நெல், புழு எதுவும் அவளிடமிருந்து தப்பாது, அப்படி ஒரு கண். ஒரு காசை வாங்கி வாசல் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை சாய்த்தாள். என்னுடைய முதல் ராஜாவைக் கண்டுபிடித்தது நானல்ல, அவள்தான். "இன்னாங்க, உங்களுக்குத் தெரியலையா? தோ, மூக்கு. நுனி ஒடஞ்சு போச்சு, பாவம். தலையில பட்டை கட்டிக்கினு மேல பாத்துக்கினு இருக்காரு."

ரொம்ப சாதாரணம்

வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் ஒன்றை ஒரு வாட்ச்காரரிடம் பழையதாக வாங்கினேன். அன்றிலிருந்து எனக்குச் சரோஜாவின் கண் தேவைப்படவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் லென்ஸ்தான். வீட்டுக்கு வந்தாலும் பல்புக்குக் கீழே மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். இடது கண்ணை மூடி, வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டால் காசைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. அவள் பேசுவது எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி காதில் விழும். "உம்" போட்டுக்கொண்டிருப்பேன்.

மெட்ராஸ் காலேஜ் ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவர், தினமும் காலை ரயிலில் போய் வருகிறவர், வெந்நீர்த் தவலை ஒன்றைப் போட வந்தார். காசுகளைக் காட்டினேன். ரோமாபுரியில் கடைசிக் காலத்து ராஜாக்கள் அடித்தவை என்று அவர்தான் சொன்னார். "அபூர்வங்களா சார்?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். "ரொம்ப சாதாரணம்ப்பா. ரோமாபுரிக் காசுலயே இதைவிடச் சாதாரணம் கிடையாது. மூட்டை மூட்டையா அடிச்சுத் தள்ளியிருக்கான்."

புத்தியுள்ளவன் அத்தோடு விட்டிருப்பான். எனக்கோ, மூட்டை மூட்டையாக அடித்திருந்தால் இன்னும் நிறையக் கிடைக்கும் என்றுதான் புரிந்தது.

தலை உள்ளே இருக்கும்

காயலான் கடைக்காரன் ராஜா தலை போட்ட காசு வாங்குகிறான் என்று ஊரில் பரவிவிட்டது. தேய்ந்த சாவி, பூட்டு மூடி, பீடி கம்பெனித் தகடு எல்லாம் வந்தன. கோர்ட்டில் டவாலி சேவகராக இருந்து ரிடையரான ஒரு பெரியவர், தன் பழைய கோட்டிலிருந்து பித்தளைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தார். அதில் கிரீடம் இருந்தது. "ஐயா, இது ரோமாபுரி இல்லை. ராஜாவே இல்லை, வெறும் கிரீடம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கிரீடம் கீதில்ல? அப்பொ தலையும் உள்ளதான் இருக்கும். லென்ஸ வச்சு ஒழுங்கா பாரு!"

சாப்பிடும்போது இதைச் சரோஜாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள், ரசம் தட்டுக்கு நாலு விரல் தள்ளித் தரையில் போனது. சிரிப்பில் கை தவறிவிட்டது என்றாள். அந்த மாதத்தில் சோற்றில் இரண்டு தடவை கல் கடிபட்டது. அதற்கும் நான் சத்தம் போட்டேன்.

அரைஞாண் காசு

பழவேற்காட்டு மீனவப் பெண் அஞ்சலை, நசுங்கிய செப்புக்குடம் ஒன்றைப் போட வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஓட்டை போட்ட காசு ஒன்று தொங்கியது. வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்க்காதவன் அந்தக் காசை மட்டும் பார்த்துவிட்டேன். என் ராஜாக்களிலேயே அத்தனை தெளிவான முகம் இல்லை. குடத்துக்கு விலை கொடுத்ததோடு, அந்தக் காசுக்குப் புதுப் பித்தளைக் குடம் தருகிறேன் என்றேன். இதற்கு முன் இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லையாம். புருஷன் மணல்திட்டில் கண்டெடுத்த இந்தக் காசைக் கட்டிய பிறகுதான் இது தங்கியதாம். "கொடத்தைக் கொடுத்து உசிரைக் கேக்குறியே நைனா" என்று சொல்லிக் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மனுஷனாக இருந்தால் அத்தோடு விட வேண்டும். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிப் போய் அவள் குடிசை வாசலில் நின்றேன். மூன்று தடவையும் இல்லை என்றாள். மழைக்காலம் கழிந்து நாலாவது தடவை போனபோது கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். காசில் அறுத்த கயிறு அப்படியே இருந்தது. "பொண்ணு போயி பத்து நாளாச்சு. இனிமே யாருக்குக் கட்ட? நீ ஆசப்பட்டுக் கேட்ட, எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. திரும்பும்போது பஸ்ஸில் கயிற்றை ஒதுக்கிவிட்டு ராஜாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னேன். காசைக் கையில் வாங்கி, கயிற்றைத் தடவிப் பார்த்து, நெடுநேரம் அழுதாள். இதை உங்கள் காசு டப்பாவில் போடக் கூடாது என்று தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிகிறது என்றாள். அழுத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று சொல்லி லென்ஸை எடுத்தேன். "அழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதுங்க" என்றாள்.

கண்மலர்

எங்கள் ஊர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்று அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் நெரியும். உடம்பில் எந்த இடத்தில் நோயோ அந்த உறுப்பைத் தகட்டில் அடித்து விற்பார்கள். கை, கால், வயிறு எல்லாம் கிடைக்கும். வாங்கி உண்டியலில் போட வேண்டும். கண் என்றால் அதற்குக் கண்மலர் என்று பெயர்.

தகடு விற்கிற கோவிந்தம்மா, மடங்கிப்போன தகடுகளை எடைக்குப் போட வந்தாள். நான் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தேன். "உங்க ஊட்டம்மா மூணு அமாவாசையா கண்மலர் வாங்கிக்கினு போறாங்களே, யாருக்குக் கண்ணு செரியில்ல?" என்று கேட்டாள். "பள்ளிப்பட்டில் மாமியாருக்கு இருக்கும்" என்றேன். என் மாமியார் போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம். அது என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கோவிந்தம்மா தகடுகளைத் தராசில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அப்டியா? எனக்கின்னாமோ அவங்களுக்கேன்னு தோணிச்சு. துட்ட என் கையில வைக்காம பக்கத்துல காத்துல வைக்கிறாங்க நைனா."

டப்பா போன புதன்கிழமை

அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கொஞ்சம் மங்கலா இருக்குங்க" என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். அடுத்த புதன்கிழமை மெட்ராஸில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

கடையில் சேருகிற செம்பையும் பித்தளையையும் தரம் பிரித்துக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன உருக்கு உலைக்கு லாரியில் அனுப்புவேன். செவ்வாய்க்கிழமை லோடு போனது. புதன் காலை ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுக்கக் கடைக்குப் போனால் என் பிஸ்கட் டப்பாவைக் காணோம். அத்தனை ராஜாக்களும் அதில்தான். மூட்டை ஏற்றியவர்கள் செம்புச் சில்லு என்று அதையும் சேர்த்து ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஓடினேன். சரோஜா நல்ல புடவை கட்டி, ஒயர் கூடையில் தயிர்சாதத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அடுத்த வாரம் போகலாம்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பெரியபாளையத்தில் இறங்கி, பஸ் மாறி, கடைசியில் ஒரு மணல் லாரியில் தொற்றி, உலைக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

உலையில் செம்பு உருக்குகிற மூசை பழுத்துக் கிடந்தது. பக்கத்துக் குவியலில், போட வேண்டிய வரிசையில் என் டப்பா. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் அத்தனையும் குழம்பாகியிருக்கும். டப்பாவை மார்போடு கட்டிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உலை மேஸ்திரி ஏகாம்பரம் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுஷர், கேலியாகத்தான் சொன்னார். "ஊட்டுல யாருக்குனா முடியலன்னாகூட இப்டி ஓடியாந்திருக்க மாட்ட சார்."

ஆயுத பூஜை

நான் சொன்ன அடுத்த வாரம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு வாரம் லாரி, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் பள்ளிப்பட்டில் யாரோ காசு வைத்திருப்பதாகச் செய்தி. அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

ஆயுத பூஜைக்குத் தொழில் சாமான்களைத் துலக்கிப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தராசு, படிக்கல் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கடையைக் கழுவப் போனேன். காசு டப்பாவும் அந்தச் சாக்கோடு இருந்தது. மத்தியானம் வந்து பார்க்கிறேன், கிணற்றடியில் விரித்த பழைய வேட்டியில் என் காசுகள் வெயிலில் காய்கின்றன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் முன்னூற்றுச் சொச்சம் காசும் அப்போதுதான் அடித்த மாதிரி மின்னின.

நம் நோயாளிகளுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்தச் சாதாரணக் காசுகளில் ராஜாவின் முகம் அந்தப் பச்சைத் தோலில்தான் மிச்சமிருக்கும். தோல் போனால் முகமும் போச்சு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் முகமில்லை. செம்பு என்றால் புளி போட்டுத் துலக்குவது எந்த வீட்டிலும் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. தெருவே கேட்கக் கத்தினேன். "கண்ணு தெரியலையா உனக்கு? ராஜா தலை இருக்கிறது தெரியலையா?"

சரோஜா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் புளியில் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள், ஆனால் நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தாள். "தெரியலைங்க. கைக்கு அழுக்கு தட்டுப்பட்டுது, தேச்சேன். வருஷத்துல இந்த ஒரு நாளாவது உங்க சாமானெல்லாம் பளிச்சுனு இருக்கட்டும்னுதான். பளிச்சுனு ஆச்சாங்க?"

டாக்டரம்மாவின் கேள்வி

பூஜை போடவில்லை. மறுநாள் முதல் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, பகல் முழுக்கப் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டதாம். போனது திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார்கள். மீதி என்பது, எதிரே ஆள் நிற்பது நிழலாகத் தெரிகிற அளவு.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. சரோஜா சொன்னாள். பொத்தான் கொண்டுவந்தாரே டவாலி, அந்த மாசம் ஓரமாக மறைக்க ஆரம்பித்தது. அஞ்சலை காசு வந்தபோது வளையம். டப்பா உலைக்குப் போன வருஷம் ஒரு கண் அநேகமாகப் போய்விட்டது. என் காசுகள் ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் கண் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன, வெளியூர்ல வேலையா இருக்கீங்களா?"

புருவத்துத் தழும்பு

அப்புறம் சரோஜா தினமும் என்னோடு கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். பாத்திரத்தை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே பித்தளையா வெண்கலமா என்று சொல்லுவாள், ஒருநாளும் தப்பியதில்லை. அஞ்சலையின் காசை இரண்டு பேருமாகப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தோம். அவள் அதைக் கயிற்றோடு ஏரியில் விட்டாள். மற்ற காசுகள் டப்பாவில் இன்னும் மின்னிக்கொண்டிருக்கின்றன. லென்ஸை வாட்ச்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லை. "எனக்கு நரைச்சிடுச்சாங்க, பாத்துச் சொல்லுங்க" என்று சரோஜா கேட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். காதோரம் நரை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இடது புருவத்தில் ஒரு தழும்பு, தையல் போடாமல் தானாகக் கூடிய வெட்டு. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. இது எப்போது என்று கேட்டேன். "நீங்க கும்மிடிப்பூண்டி போனீங்களே, அன்னிக்கு. வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன், உள்ள திரும்புறப்ப கதவு நெலை இடிச்சிடுச்சு. டப்பா கெடச்ச சந்தோஷத்துல வந்தீங்க, இன்னாத்துக்குச் சொல்லணும்னு உட்டுட்டேன்" என்றாள்.

ஆயிரத்தைந்நூறு வருஷம் மண்ணுக்குள் காத்துக் கிடந்த அந்த ராஜாக்களில் ஒருத்தர்கூட, இன்னும் ஒரு வாரம் காத்திருக்க முடியாது என்று என்னிடம் சொன்னதில்லை.